திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்

“ஒண்டு, ரெண்டு” என்று உள்ளே மூத்த மச்சான் அப்துல் கபூர் எண்ணினார். மூன்று வருவதற்கு முன்னாலேயே தம்பி இஷாம் இழுத்துவிட்டான். மெத்தையில் குதிகால்கள் உரசிக்கொண்டு போன சத்தமும், அதற்குப் பின்னால் மாமியின் தொண்டையிலிருந்து கிளம்பிய முனகலும் திரைச்சீலையைத் தாண்டி முன்னறைக்கு வந்தன. றிஸ்வி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

எட்டிப் பார்க்கத் தேவையில்லை, சத்தமே போதும். மூத்த மச்சான் ஒரு கக்கத்துக்குள்ளும் இளைய மச்சான் மற்றக் கக்கத்துக்குள்ளும் கையை விட்டு, நெல்மூட்டை கிளப்புகிற மாதிரிக் கிளப்புகிறார்கள். வலது பக்கம் முழுக்கப் பாரிசவாதம் அடித்துப்போன உடம்பு அது. அந்தப் பக்கத்துத் தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்க அதில் பலம் இல்லை, இழுத்தால் கழன்று வரும். ஆசுபத்திரி வாட்டில் வேலைக்குச் சேருகிற ஆளுக்கு முதலாம் நாளே சொல்லிக்கொடுப்பது கக்கத்தில் கை வைக்காதே என்பதுதான். றிஸ்வி பதினாறு வருசமாக ஆசுபத்திரியில் சிற்றூழியன். ஒரு நாளைக்கு நாற்பது பேரைப் புரட்டிப் போடுவான், இருபது பேரைத் தூக்கி இறக்குவான். சொந்த வீட்டில் கிடக்கும் இந்த ஒரே நோயாளியை மட்டும் அவன் தொட்டதில்லை.

“மச்சான், கக்கத்தில பிடிக்காதீங்க,” என்று திரையைப் பார்த்துச் சொன்னான். “இடுப்பில ஒரு துணியச் சுத்திப் பிடிங்க. கதிரைய இடது பக்கமாப் போடுங்க.”

“நாங்க பாத்துக்கிறம். நீங்க டீயக் குடிங்க மச்சான்,” என்றார் அப்துல் கபூர் உள்ளேயிருந்து. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். திரை அசைந்தபோது வாசம் வந்தது. பழைய மூத்திரமும் டெற்றோலும், அவற்றை மறைப்பதற்காக மூத்த மச்சான் தெளித்த அத்தரும் ஒன்றாகக் கலந்து குமட்டியது. மூத்திரம் மட்டும் என்றால் றிஸ்விக்கு ஒன்றுமில்லை, அது அவனுடைய தொழில். அந்த அத்தரைத்தான் தாங்க முடியவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் பிறகு இஷாமுடைய பெண்சாதி வீட்டார் ஓட்டமாவடியிலிருந்து மாமியைப் பார்க்க வருகிறார்கள். அதற்காகத்தான் இந்தக் குளிப்பாட்டலும் கதிரையில் இருத்தலும். ஐந்து நாளாகக் காய்ச்சல் காய்கிற மனுசியை அசைக்க வேண்டாம் என்று றிஸ்வியின் பெண்சாதி றஸீனா காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். “வாற ஆக்கள் மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கவா?” என்று தமையன் கேட்டதும் அவள் தண்ணீர் சுடவைக்கப் போனாள்.

இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்கு. ஆண்மக்கள் கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாமி ஸகியா உம்மாவின் இரண்டு மகன்மாரும் அப்படிப் போனவர்கள்தான். மூத்தவருக்கு ஏறாவூர்ப் பிரதான வீதியில் இரும்புக்கடை, இளையவன் ஓட்டமாவடியில் போன் கடையில் நிற்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் இருவரும் வந்து, உம்மாவைத் தூக்கி இருத்தி, இறைச்சிக்கறி சாப்பிட்டுப் போவார்கள். மற்ற ஆறு நாளும் றஸீனா ஒருத்தியாகவே கிடந்து மாய்வாள்.

மருமகன் வீட்டோடு இருக்கிறானே, அதுவும் ஆளைத் தூக்குவதையே தொழிலாகக் கொண்டவன், அவன் ஏன் தூக்கக்கூடாது என்று வெளியூரார் கேட்கக்கூடும். மாமிக்கு மருமகனைக் கண்டால் வெட்கம். அந்தக் காலத்து மனுசிகள் இந்த ஊரில் அப்படித்தான். பதினாலு வருசம் ஒரே கூரைக்குள் இருந்தும் ஸகியா உம்மா றிஸ்விக்கு முன்னால் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. சோற்றை மூடி மேசையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்று, “புள்ள, மருமகனுக்குக் கறி காணுமாமா எண்டு கேளு,” என்பா. நாலடி தூரத்தில் இருக்கிறவனுக்கு அது கேட்கும். அவனும் றஸீனாவைப் பார்த்துத்தான் “காணும்” என்பான். மாமியின் தலைமயிர் கறுப்பா வெள்ளையா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. பாரிசவாதம் வந்து வாய் கோணி, வலது கையும் காலும் போன பிறகும், மிஞ்சிய இடது கைக்கு அந்த ஒரு வேலை மறக்கவில்லை. அவனுடைய காலடிச் சத்தம் கேட்டால் முக்காட்டை இழுக்கும்.

அதனால் பாரிசவாதம் வந்த இந்தப் பதினொரு மாதமும் றிஸ்வி திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் வைத்தியம் பார்த்தான். “முழங்கால மடக்கு. தோளையும் இடுப்பையும் ஒண்டாப் பிடிச்சு உன்ட பக்கமா உருட்டு. முதுக வளைக்காத, கால மடக்கிக் கீழ பணி,” என்று இங்கிருந்து சொல்வான். உள்ளே றஸீனா திணறுவாள். நாற்பத்தைந்து கிலோ உடம்பை வைத்துக்கொண்டு எழுபது கிலோவை உருட்டுவது லேசில்லை. உரப்பைக்குள் இருக்கும் பொலித்தீன் உறையை வெட்டி, கழுவிக் காயவைத்து, படுக்கைத் துணிக்கு அடியில் போடக் கொடுத்தான். அதன்மேல் ஆள் வழுக்கிக்கொண்டு வரும், தோல் உரசாது. அது நன்றாகத்தான் உதவியது. மூன்றாவது கிழமை அப்துல் கபூர் அதைக் கண்டுவிட்டார். “எங்கட உம்மாவ உரப்பையிலயா கிடத்திரிக்கீங்க?” என்று உருவியெடுத்துக் குப்பைக் கிடங்கில் போட்டார். பிறகு இழுத்து இழுத்தே நாரியில், முதுகின் அடியில், புண் வந்தது. கைவிரல் நகமளவில் தொடங்கி உள்ளங்கையளவாகிவிட்டது.

உரப்பைக்குப் பதிலாக மூத்த மச்சான் ஒரு தூக்கும் மிசினைக் கட்டாரிலிருந்து எடுப்பித்தார். சில்லு வைத்த இரும்புக் கால், மேலே வளைந்த கொக்கி, ஆளைப் போட்டுத் தூக்க ஒரு துணித் தொட்டில். நல்ல சாமான், குறை சொல்ல முடியாது. அதன் கால்கள் கட்டிலுக்கு அடியில் போனால்தான் தூக்கலாம். மாமியின் கட்டிலோ நிலம் வரைக்கும் அடைத்து இழுப்பு லாச்சி வைத்த முதிரைக் கட்டில். ஒரு விரல்கூட அடியில் போகாது. “ஒரு சும்மா இரும்புக் கட்டில் எடுத்தாச் சரி,” என்றான் றிஸ்வி. “உம்மாவ ஆசுபத்திரிக் கட்டில்ல போட நாங்க என்ன கதியத்தவங்களா? நீங்க வாட்டில பழகின மாதிரி இங்க செல்லாதீங்க மச்சான்,” என்றார் அவர். பக்கத்தில் நின்ற இஷாம் சிரித்தான். அன்றிலிருந்து மிசின் முன்னறையில் நிற்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள். மற்ற நாட்களில் றஸீனா அதன் கொக்கியில் ஈரத்துவாய் காயப்போடுவாள்.

இதையெல்லாம் நினைக்க நினைக்க றிஸ்விக்கு அருவருப்பாக இருந்தது. மச்சான்மாரை நினைத்து மட்டுமில்லை. பன்னிரண்டு மணித்தியாலம் அடுத்தவர்களுடைய தாய் தகப்பன்மாரைத் தூக்கிக் களைத்து வருகிறவனுக்கு, வீட்டில் ஒரு திரைச்சீலை இருந்தது வசதியாகவும் இருந்தது. மாமிக்கு வெட்கம் என்று சொல்லிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சரிந்துவிடலாம். அதை அவன் வெளியே சொன்னதில்லை. ஆனால் அவனுக்குத் தெரியும்.

உள்ளே பிளாஸ்டிக் கதிரையின் கால் ஈரச் சீமெந்தில் சறுக்கியது. தொம் என்று ஒரு சத்தம்.

மூன்றே எட்டில் றிஸ்வி திரையைப் பிடித்துவிட்டான். கையளவு விலகிய இடைவெளியில் மாமி நிலத்தில் கிடந்தது தெரிந்தது. செத்த கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. முக்காடு இல்லை. தலைமயிர் முழுக்க வெள்ளை, ஐதாக, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. அவவுடைய கண் திரையிடுக்கில் இவனைக் கண்டுகொண்டது. உடனே இடது கை நிலத்தில் தடவத் தொடங்கியது. நோகிற தோளுக்கு அது போகவில்லை, துணியைத் தேடியது.

“மச்சான், உள்ள வராதீங்க. உம்மாட தலை தொறந்து கிடக்கு,” என்றார் அப்துல் கபூர்.

றிஸ்வி திரையை விட்டுவிட்டான். பதினாறு வருசத்தில் விழுந்து கிடக்கும் நோயாளியைக் கண்டு அவன் விலகிப்போனது அந்த ஒரு தடவைதான்.

“அப்பிடியே வெச்சிரிங்க,” என்று இந்தப் பக்கம் நின்று சொன்னான். “மெல்லச் சரிச்சு, கீழ பெட்சீற்றச் செருகுங்க. நாலு மூலையிலயும் நாலு பேர் பிடிச்சாத்தான் கிளப்பலாம்.”

“நாலு பேருக்கு எங்க போற? டேய், பிடிடா.”

இந்த முறை எண்ணவும் இல்லை. இழுத்த இழுவையில் மாமியிடமிருந்து சத்தமே வரவில்லை. சத்தம் போட்டது மூத்த மச்சான்தான். நடுமுதுகைப் பிடித்துக்கொண்டு, வளைந்தபடியே வெளியே வந்து கதிரையில் சாய்ந்தார். “நாரி பிடிச்சிட்டுப் போல மச்சான். ஒங்களுக்குத் தெரியும்தானே, ஒருக்கா அமத்தி விடுங்களேன்.”

றிஸ்வி அவருடைய முதுகைப் பார்த்தான், வேர்த்து நனைந்திருந்தது. தொடவில்லை.

பத்தரைக்கு உள்ளே கட்டிலிலிருந்து வந்த மூச்சுச் சத்தம் மாறியது. இழுத்து, நிறுத்தி, மறந்துபோய் நினைத்துக்கொண்டது போல் திரும்பவும் இழுத்தது. றிஸ்வி அந்தச் சத்தத்தை வாட்டில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான். “புள்ள,” என்று றஸீனாவைக் கூப்பிட்டான். “கலிமாவச் செல்லிக் குடு. தண்ணி தொட்டு வாய நனை.” பதினொரு மணிக்கு ஸகியா உம்மா உயிர் அடங்கி மௌத்தானா.

பிறகு எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடந்தது. பள்ளியில் அறிவித்தார்கள். அசர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று தீர்மானமானது. ஓட்டமாவடிக்காரர் நோய் பார்க்க வரப் பிடித்திருந்த அதே வான் வண்டியில் மையித்துப் பார்க்க வந்து இறங்கினார்கள். சனம் நிரம்பிய முன்னறையில் இடம் போதாமல் தூக்கும் மிசினை முற்றத்துக்குத் தள்ளினார்கள். நிழலுக்குக் கட்டிய தறப்பாளின் ஒரு மூலைக் கயிற்றை அதன் கொக்கியில் கட்டினான் யாரோ. வாங்கிய நாளிலிருந்து அது பாரம் தாங்கியது அப்போதுதான். அதன் அடியில் உட்கார்ந்துதான் அப்துல் கபூர், முதுகுக்குத் தலையணை கொடுத்தபடி, “ஒரு குறையும் வெக்கல்ல. அந்தா நிக்கிது, கட்டார்ல இரிந்து எடுப்பிச்சது,” என்று வந்தவர்களுக்குச் சொல்லி அழுதார். அழுகை பொய்யில்லை. அதுதான் றிஸ்விக்கு இன்னும் குமட்டியது.

பின்வளவில் சீலைகளைச் சுற்றிக் கட்டி மையித்துக் குளிப்பாட்ட இடம் செய்திருந்தார்கள். தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து சீலைக்கு அடியால் உள்ளே கொடுக்கும் வேலை றிஸ்விக்கு. கொடுத்துவிட்டுக் கிணற்றடியில் நின்றான். உள்ளே ஐந்து பெண்கள். ஊரில் மையித்துக் குளிப்பாட்டும் சபீனா ராத்தாவின் குரல் கேட்டது.

“தோளையும் இடுப்பையும் சேத்துப் பிடிங்ககா. நீ கால் பக்கம். சீலையால கிளப்புங்க, இழுக்காதீங்க. மெதுவா, மெதுவா. மையித்துக்கு நோகும்.”

றிஸ்வி பதினொரு மாதமாகத் திரைச்சீலைக்குச் சொன்ன அதே பாடம். உரசல் சத்தம் ஒன்றும் இல்லை. ஒருத்தி எண்ணினாள், ஐந்து பேரும் ஒன்றாகக் கிளப்பினார்கள், பதமாக இறக்கினார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. உள்ளே கேட்கிற குரல்களையும் அவனுக்குத் தெரியும். எல்லாம் நோய் பார்க்க வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து, றோல்ஸும் தேத்தண்ணியும் முடித்துவிட்டு, “அல்லா லேசாக்கட்டும்” என்று எழும்பிப் போன குரல்கள். பத்துக் கை அந்தக் கட்டிலைச் சுற்றி எப்போதும் இருந்திருக்கிறது. உயிரோடு கிடந்தவவுக்கு நோகும் என்று ஒருத்தருக்கும் படவில்லை. காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது. மையித்து வீடு என்பதால் விழுங்கிக்கொண்டான்.

திடீரென்று உள்ளே பேச்சு நின்றது. மேலுடம்பைக் கழுவுகிறார்கள் என்று நினைத்தான். தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வெகுநேரம் கழித்துச் சபீனா ராத்தா தாழ்ந்த குரலில், “கற்பூரத் தண்ணியக் கொண்டாங்க,” என்றா.

முடிந்து வெளியே வந்தபோது அப்துல் கபூர் குனிந்தபடியே நடந்து வந்து கேட்டார். “உம்மாட முகம் எப்பிடி ராத்தா?”

“நூராயிரிக்கி மனே. வெளிச்சமா இரிக்கி.”

அதற்கு மேல் அவ ஒன்றும் சொல்லவில்லை. மையித்தில் கண்ட குறையை வெளியே சொல்லக் கூடாது, குளிப்பாட்டுகிறவர்கள் அதைத் தங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் போகிற போக்கில் அப்துல் கபூரின் இரண்டு கைகளையும் ஒரு தரம் பார்த்தா. பின்னால் வந்த றஸீனா கிணற்றடியில் புருசனுக்கு முன்னால் வந்து நின்றாள். அவளும் சொல்லவில்லை. தன் இரண்டு கக்கத்துக்குள்ளும் கைகளை வைத்து இறுக்கிக்கொண்டு, குளிர்கிறவள் போல் நின்றாள். பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது ஆளை ஆள் தள்ளினார்கள். நாற்பது தோள் போட்டிக்கு வந்தது. இரண்டடிக்கு ஒருவர் மாறி மாறி, மையவாடி வரைக்கும் யாருடைய தோளும் நோகாமல் ஸகியா உம்மா போய்ச் சேர்ந்தா. றிஸ்வி கடைசியில் நடந்தான். சந்தூக்குக்குப் பக்கத்தில் போக அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

கபுறடியில், தோண்டிய குழிக்குப் பக்கத்தில் நின்று, பதியுதீன் மௌலவி கேட்டார். “பொம்புள மையித்து. மஹ்ரமான ஆக்கள், தொடக்கூடிய சொந்தம், மூணு பேர் இறங்கணும். ஆரு இரிக்கீங்க?”

இஷாம் சாரத்தை மடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தான். மாமியின் தம்பி, உரமான மனுசன், செருப்பைக் கழற்றினார். மூன்றாவதாக இறங்க வேண்டிய மூத்த மகன் நாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் பிடித்த பிடிப்பு, நிமிரவே முடியவில்லை. 

“வேற ஆரு?”

“மருமகன் இரிக்காரு,” என்று இழுத்தார் அப்துல் கபூர். “ஆனா ஹஸ்ரத், உம்மா மருமகனுக்கு முன்னால வாறதில்ல. தொட விடமாட்டா. அதுதான்…”

மௌலவி அவரை நிமிர்ந்து பார்த்தார். “மருமகன் மஹ்ரம்தானே. மகளக் கட்டின நாள்ல இரிந்து மகனப் போலத்தான். மார்க்கத்தில ஒரு தடையும் இல்லியே. முன்னயும் இல்ல.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ‘முன்னயும் இல்ல’ என்ற பேச்சை றிஸ்வி தனக்குள் திரும்பவும் சொல்லிப் பார்த்தான். கேட்டிருந்தால் இந்த மனுசன் பதினொரு மாதத்துக்கு முன்பே, இதே குரலில், ஒரு நிமிசத்தில் சொல்லியிருப்பார். ஒருத்தரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

அவன் இறங்கினான். மணல் குளிர்ந்திருந்தது. மேலே நாலு பேர் ஒரு படுக்கைத் துணியை விரித்துக் கபுறை மறைத்துப் பிடித்தார்கள். வெளிச்சம் மங்கியது. இப்போது அவன் திரைக்கு உள்ளே நின்றான்.

சந்தூக்கிலிருந்து மையித்து சரிந்து வந்தபோது, இஷாமின் கை பழக்கத்தில் கபன் துணிக்கு மேலால் கக்கத்துக்குப் போனது.

“அங்க வேணாம்,” என்றான் றிஸ்வி. குரல் உயரவில்லை. “கைய அடியில குடு. மாமா, நீங்க காலப் பாருங்க. நான் மூணு செல்லுவன். மூணிலதான் கிளப்பணும்.”

அவன் கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, இரண்டு கைகளையும் இடுப்புக்கு அடியில் கொடுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். ஒன்று, இரண்டு, மூன்று. ஸகியா உம்மா ஓரிடத்திலும் உரசாமல் மணலில் இறங்கினா. எழுபது கிலோ என்று அவன் கணக்கு வைத்திருந்தது பதினொரு மாதத்துக்கு முந்திய உடம்பு. இப்போது பாதிதான் இருந்தது. இதை அவன் ஒருத்தனாகவே தூக்கியிருக்கலாம்.

கிப்லாத் திசையைப் பார்க்கும்படி வலது பக்கம் சரிக்க வேண்டும். தோளையும் இடுப்பையும் ஒன்றாகப் பிடித்து, தன் பக்கமாக உருட்டினான். வலது பக்கம், பாரிசவாதம் அடித்த பக்கம், காலையில் அடியில் மடங்கிய தோள். அந்தத் தோளின் மேலே முழுப் பாரமும் விழ வைத்து ஒரு நோயாளியையும் படுக்கப்போடக் கூடாது. அவன் கையை அடியில் விட்டு, தோளை இரண்டு விரற்கடை முன்னுக்கு எடுத்து, பாரம் பின்பக்கம் போகும்படி வைத்தான். இஷாம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேலேயிருந்து மண் உருண்டைகள் வந்தன. மையித்து மல்லாந்து விடாமல் முதுகுக்கு அண்டை கொடுப்பதற்கு. ஒன்றைத் தோளுக்குப் பின்னால் வைத்தான், ஒன்றை இடுப்புக்குப் பின்னால். நாரிப் புண் படாத இடமாகப் பார்த்து வைத்தான்.

“போதும் மச்சான். மேல வாங்க,” என்றார் அப்துல் கபூர் துணிக்கு வெளியே நின்று.

“இன்னொண்டு தாங்க,” என்றான் றிஸ்வி.

அது வந்தது. அதையும் வைத்துவிட்டு, வாட்டில் கடைசியாகச் செய்வது போலவே, இடுப்புக்கு அடியில் விரல்களை விட்டுத் துணியில் சுருக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். ஓரிடத்தில் இருந்தது. அதை இழுத்து நேராக்கினான்.